டாக்டர் டோரதியின் காது

விஜயதசமி கழிந்த திங்கட்கிழமை காலை, மணி ஏழு பத்து. மயக்க மருந்து இயந்திரத்தின் இரண்டு பக்கமும் கட்டிய வாழைக்கன்றுகள் வாடித் தலை தொங்கியிருந்தன. ஆக்ஸிஜன் சிலிண்டரின் வயிற்றில் மூன்று விரல் சந்தனமும் நடுவில் குங்குமமும் காய்ந்து கிடந்தன. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உடைத்த பூசணிக்காயைக் கழுவித் தள்ளியிருந்தார்கள். சிவப்புக் கறை மட்டும் போகவில்லை. நோயாளிகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் டோரதி வாழைக்கன்றுகளை அவிழ்க்கச் சொன்னாள். டெக்னீஷியன் ரெமிஜியஸ் அவிழ்த்தார். இரண்டு பேரும் ஒரே சர்ச். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு வருடமும் தவறாமல் வந்து கடலைப்பொரியும் பூந்தியும் வாங்கிச் சாப்பிடுவார்கள். ஊர் வழக்கம்.

முதல் கேஸ் உத்தமன். ஸ்ரீராம்புரத்துக்காரன், பஸ் கண்டக்டர். சின்ன வயதில் வந்த காசநோய் அவனுடைய வலது நுரையீரலின் கீழ்ப்பாதியைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. அங்கே இப்போது பைபையாகச் சீழ் தேங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாதியை வெட்டி எடுக்க வேண்டும். இடது நுரையீரல் நன்றாக இருந்தது. அதை நம்பித்தான் இந்த ஏற்பாடு முழுவதும்.

வெட்டுவதற்கு அவனை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். அப்போது கெட்ட நுரையீரல் மேலே, நல்லது கீழே. சர்ஜன் கை வைத்துப் பிசையும்போது சீழ் கிளம்பும். கிளம்பினால் பள்ளத்தைப் பார்த்து ஓடும். மயக்கத்தில் இருப்பவனால் இரும முடியாது. நல்ல நுரையீரலுக்குள் சீழ் போகாமல் நடுவில் சுவர் எழுப்புவது டோரதியின் வேலை.

அதற்கு ஒரு குழாய் இருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்த இரண்டு குழல்கள். ஒன்று மூச்சுக்குழாயோடு நின்றுவிடும். மற்றது இன்னும் கீழே இறங்கி, மூச்சுக்குழாய் பிரிகிற இடத்தில் இடது கிளைக்குள் போகும். அதன் நுனியில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு நீல பலூன். அதை ஊதினால் இடது கிளை அடைபடும். நல்ல நுரையீரல் தனிக்குடித்தனம் போய்விடும். பலூன் ஒரு சென்டிமீட்டர் மேலே நின்றால் சுவரில் ஓட்டை. ஒரு சென்டிமீட்டர் கீழே போனால் நல்ல நுரையீரலிலேயே பாதிக்குக் காற்று போகாது.

பதினோரு வருடம் டோரதி அதைக் காதால்தான் வைத்தாள். ஒரு குழலைக் கிடுக்கி போட்டு மூடி, மறு பக்கத்து மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பாள். பிறகு மாற்றி மூடிக் கேட்பாள். இருக்க வேண்டிய பக்கம் சத்தம் இருக்க வேண்டும். இருக்கக் கூடாத பக்கம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். சர்ஜன் ராஜேந்திரன் வெளியூர் மாநாடுகளில் "எங்க டோரதியோட காது" என்று சொல்வார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

எப்போதாவது யாராவது ஒருவருக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் வரும். எக்ஸ்ரேயில் நல்ல பக்கத்திலும் வெள்ளையாக ஒரு நிழல் விழும். வியாதியின் குணம் அப்படி என்பார் ராஜேந்திரன். பெரும்பாலும் தேறிவிடுவார்கள். தேறாதவர்களும் உண்டு.

ஆகஸ்டில் ஸ்கோப் வந்தது. பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் பருமனான, கறுப்பான, வளைகிற குழல். குழாய்க்குள் அதை இறக்கி மறுமுனையில் கண்ணை வைத்தால் மூச்சுக்குழாய் பிரிகிற இடம் தெரியும். இடது கிளையின் வாயில் நீல பலூனின் விளிம்பு பிறை மாதிரி எட்டிப் பார்க்க வேண்டும். பார்த்தால் சரி. நெஞ்சுநோய் டாக்டர் பாலகுமாரின் பொறுப்பில் அது இருந்தது. பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். இரவல் கொடுக்கும்போது பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற முகத்தோடு கொடுப்பார்.

ஸ்கோப் வைத்துப் பார்த்த முதல் கேஸில் பிறை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இரண்டாவதில் இல்லை. டோரதி குழாயைத் தள்ளிச் சரிசெய்தாள். மேற்கொண்டு யோசிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வார்டில் உத்தமனைப் பார்க்கப் போனபோது அவன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மனைவி சொர்ணம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இருமல் எப்படி இருக்கு?"

"குறைஞ்சிருக்கு மேடம். முன்னெல்லாம் நான் இருமினா பஸ்ல பின்னாடி நாலு சீட்டு காலியாயிடும். ரஷ் நேரத்துல அது ஒரு வசதி."

"டாக்டரம்மா கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுய்யா," என்றாள் சொர்ணம்.

"கண்டக்டர் வாயை மூடிக்கிட்டு இருந்தா பஸ் ஓடுமாடி?" டோரதி பக்கம் திரும்பினான். "மேடம், ஆபரேஷனுக்கு அப்புறம் விசில் ஊத முடியுமா?"

"ஒன்றரை நுரையீரல் இருக்கும். விசிலுக்குத் தாராளமாப் போதும்."

"இப்ப எவ்வளவு இருக்கு?"

"இப்பவும் ஒன்றரைதான். மீதிப் பாதி பேருக்கு இருக்கு. வேலைக்கு வர்றதில்லை."

"எங்க டிப்போவுலயும் அப்படி ரெண்டு பேர் இருக்கான் மேடம்."

சொர்ணம் சிரிக்கவில்லை. ஆரஞ்சைக் கீழே வைத்தாள். "அந்த நல்ல பக்கத்துக்கு ஒண்ணும் ஆயிடாதே? அதுவும் போனா எங்களுக்கு வேற எதுவும் இல்லம்மா."

"ஆகாம பாத்துக்கறதுக்குத்தான் நான் இருக்கேன்."

டோரதி இதை எல்லாருடைய மனைவியிடமும் சொல்வாள். பெரும்பாலும் உண்மையாகவும் இருந்தது.

திங்கட்கிழமை காலை தியேட்டரில் ரெமிஜியஸ் ஸ்கோப் பெட்டியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"டாக்டர், இதைக் கொஞ்சம் பாருங்க."

டோரதி ஸ்கோப்பைக் கண்ணில் வைத்து, மறுமுனையைத் தன் கட்டைவிரல் நகத்துக்கு நேராகப் பிடித்தாள். நகம் தெரியவில்லை. பால் தெரிந்தது. கொஞ்சம் திருப்பினாள். அந்தப் பக்கமும் பால். நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அது இதுவரை இல்லாத பளபளப்போடு இருந்தது.

"லட்சுமம்மா," என்று கூப்பிட்டாள்.

லட்சுமம்மா தியேட்டர் ஆயா. கன்னடக்காரி. முப்பது வருடமாக ஆஸ்பத்திரித் தமிழ் பேசுகிறவள். பூஜை அவள் பொறுப்பு. வெள்ளிக்கிழமை எல்லா ஆயுதங்களையும் துணி விரித்து அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றியவள் அவள்தான். "மேடம், அந்தக் கறுப்புப் பாம்பு? அதுக்கும் வெக்கலாமா?" என்று அன்றைக்குக் கேட்டாள். பாலகுமார் தசராவுக்கு மைசூரில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார், சாவியை ரெமிஜியஸிடம் கொடுத்துவிட்டு. "எல்லாத்துக்கும் வைங்க. அதுக்கு மட்டும் என்ன," என்று டோரதி சொன்னாள். புதிதாக வந்தது என்பதால் நடுவில் வைத்து முதல் மரியாதை செய்தார்கள்.

"இதை என்ன பண்ணீங்க?"

"பூஜை பண்ணோம் மேடம். நீங்களும் இருந்தீங்களே."

"பூஜைக்கு அப்புறம்."

"எது தலை, எது வாலுன்னு கொத்தில்ல, தெரியலை. அதான் ரெண்டு பக்கமும் பொட்டு வெச்சேன். நீங்கதானே சொன்னீங்க, பூஜை ஆனா எல்லாத்தையும் சுத்தமா கழுவி வெச்சுடுங்கன்னு. கழுவினேன்."

"எதால?"

"சந்தனம் காஞ்சுட்டா தண்ணிக்குப் போகாது மேடம். புளி போட்டேன். அப்புறம் தேங்கா நாரு. எங்க வூட்ல விளக்குக்கு அதான். நோடி, பாருங்க, எப்படி மின்னுதுன்னு."

"மின்னுது," என்றார் ரெமிஜியஸ். "கண்ணாடி போயிடுச்சு. இரும்பு மின்னுது."

"கண்ணாடி எங்க இருந்துச்சு? கடுகு மாதிரி ஒண்ணு நுனியில ஒட்டிக்கினு இருந்துச்சு. அழுக்கு. போகவே மாட்டேன்னுது. நானும் விடலையே."

"அதான் கண்ணாடி."

லட்சுமம்மா ஸ்கோப்பைப் பார்த்தாள். ரெமிஜியஸைப் பார்த்தாள். "அவ்வளவு சின்னதாவா கண்ணாடி வெப்பாங்க?" என்றாள், செய்தவன் மேல் குற்றம் சாட்டுகிற குரலில். பிறகு டோரதியின் முகத்தைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராஜேந்திரன் வெளியே கை கழுவிக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் சோப்பு நுரை. டோரதி பக்கத்தில் போய் நின்றாள்.

"ஸ்கோப் இல்லை சார்."

"ஏன்?"

"பூஜை போட்டுட்டாங்க."

"நல்லதுதானே."

"அப்புறம் புளி போட்டுத் தேய்ச்சுட்டாங்க."

ராஜேந்திரன் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். "பாலகுமாருக்குத் தெரியுமா?"

"புதன்கிழமை வர்றார். தெரிஞ்சிடும்."

"ம்."

"கேஸைத் தள்ளிப்போடலாமா?"

அவர் தண்ணீரைத் திறந்து முழங்கையைக் காட்டினார். நுரை வழிந்து இறங்கியது. "மூணு வாரமா ஊசி போட்டு, தினம் காலையில கட்டில்ல தலைகீழாத் தொங்கவிட்டு, டம்ளர் டம்ளரா வந்த சளியை ரெண்டு ஸ்பூனுக்குக் கொண்டுவந்திருக்கோம். இப்ப வீட்டுக்கு அனுப்பினா அடுத்த வாரமே மறுபடி டம்ளர். புது ஸ்கோப் எப்ப வரும்? நீங்களும் நானும் ரிட்டயர் ஆறதுக்குள்ள வந்தா சரி." தண்ணீரை முழங்கையால் மூடினார். "ஆகஸ்ட் வரைக்கும் என்ன ஸ்கோப்பா வெச்சிருந்தோம்?"

"இல்லை."

"அப்புறம்? உங்க காதை யாராவது புளி போட்டுத் தேய்ச்சாங்களா?"

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. டோரதி உள்ளே போனாள்.

உத்தமன் மேஜையில் மல்லாந்து படுத்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை உடுப்பில் கண்டக்டர் களை போய்விட்டிருந்தது.

"மேடம், வாசல்ல ரத்தம்."

"பூசணிக்காய்."

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றீங்களா?"

"ஆமா. மூச்சை நல்லா இழுங்க."

அவன் முடிந்த மட்டும் இழுத்தான். மருந்து ஏறியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பாதியில் தூங்கிப்போனான்.

டோரதி அவன் நாக்கை ஒதுக்கிக் குரல்வளையைப் பார்த்தாள். குழாயின் நுனி உள்ளே நுழைந்ததும் இடது பக்கமாகத் திருப்பி இறக்கினாள். குழாயின் மேல் போட்டிருந்த அளவில் இருபத்தொன்பதாவது கோட்டில் லேசாக முட்டியது. நிறுத்தினாள். மூச்சுக்குழாயில் நிற்கிற மேல் பலூனை ஊதினாள். நீல பலூனை ஊதினாள்.

"ரெமி, வலதை மூடுங்க."

கிடுக்கி விழுந்தது. டோரதி இயந்திரத்தின் காற்றுப் பையை அமுக்கினாள். இடது மார்பில் காற்று நன்றாகப் போனது, மேலேயும் கீழேயும். வலது மார்பில் ஒன்றும் இல்லை.

"திறந்துட்டு இடதை மூடுங்க."

வலது பக்கம் கெட்ட நுரையீரல் அப்பளம் நொறுங்குகிற மாதிரி மொறமொறத்தது. இடது பக்கம் மௌனம். பரீட்சையில் கேட்டால் எழுதுகிற விடை போல அவ்வளவு துல்லியமாக இருந்தது.

ஐந்து பேர் சேர்ந்து அவனை இடது பக்கமாக ஒருக்களித்தார்கள். டோரதி தலையையும் குழாயையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தலைக்கடியில் தலையணை வைத்தார்கள். வலது கையைத் தூக்கிக் கட்டினார்கள். உடம்பைத் திருப்பும்போது குழாய் நகரும். நகர்ந்துவிட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும். மறுபடி வலதை மூடினாள், கேட்டாள். இடதை மூடினாள், கேட்டாள். எல்லாம் முன்போலவே இருந்தது.

ராஜேந்திரன் மருந்து பூசி, துணி போர்த்தி, கத்தியை வாங்கிக்கொண்டார். "ஆரம்பிக்கலாமா டோரதி?"

டோரதி 'ஆரம்பிங்க' என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் வலது கை தானாக ரெமிஜியஸ் பக்கம் நீண்டுவிட்டது. இரண்டு மாதப் பழக்கம். இந்த இடத்தில் ஸ்கோப்பைக் கையில் வைப்பார், அவள் கண்ணில் வைத்துப் பார்ப்பாள். ரெமிஜியஸ் நீட்டிய கையைப் பார்த்தார். வைப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. சங்கடத்தில் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அதில் வைத்தார்.

டோரதி அதைப் பார்த்தாள். இப்போதுதான் கேட்டு முடித்திருந்தாள்.

"ஒரு நிமிஷம் சார்."

"என்ன?"

"கொஞ்சம் தண்ணி வேணும்."

"தாகமா?"

"குழாய்க்கு."

ராஜேந்திரன் கத்தியைத் தாழ்த்தினார். "கேட்டுப் பாத்தீங்களே."

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"அப்புறம்?"

டோரதி ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். படிக்கிற காலத்தில் ஒரு புத்தகத்தில் படம் போட்டிருந்தது. வலது குழலின் வாயில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறு நுனியைத் தண்ணீரில் முக்க வேண்டும். இடது பக்கம் மட்டும் காற்றை அழுத்திப் பிடிக்க வேண்டும். நீல பலூன் சரியாக அடைத்திருந்தால், வலது நுரையீரலில் மிச்சமிருக்கிற காற்று இரண்டு மூன்று குமிழியாக வந்து நின்றுவிடும். அடைக்காவிட்டால் நிற்காது. படத்தின் கீழே பரீட்சைக்காகக் கோடு போட்டிருந்தாள். செய்ததில்லை. காது இருக்கும்போது யார் தண்ணீரைத் தேடிப் போவார்கள்?

லட்சுமம்மா தண்ணீரோடு ஓடி வந்தாள். பித்தளைச் செம்பில், பூஜைக் கலசமாக வைத்திருந்த அதே செம்பில். அதுவும் நன்றாக மின்னியது.

"பித்தளையில குமிழி தெரியாது லட்சுமம்மா."

"சுத்தமான தண்ணி மேடம்."

"தண்ணி சரி. உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியணும். கண்ணாடி டம்ளர் இருக்கா?"

"சாரோட மோர் டம்ளர் இருக்கு."

எல்லாரும் ராஜேந்திரனைப் பார்த்தார்கள். அவர் கையுறை போட்ட கைகளை நெஞ்சுக்கு நேராகக் கோத்துக்கொண்டு நின்றார். "எடுத்துக்கோங்க," என்றார். "கழுவிட்டு எடுங்க."

"புளி போட்டா சார்?" என்றார் ரெமிஜியஸ்.

லட்சுமம்மா அவரை முறைத்துவிட்டு டம்ளரை எடுத்து வந்தாள்.

ரெமிஜியஸ் ரப்பர் குழாயை மாட்டினார். நுனியைத் தண்ணீரில் முக்கி டம்ளரை விளக்குக்கு நேராகப் பிடித்தார். டோரதி பையை அமுக்கி, அமுக்கியபடியே பிடித்துக்கொண்டாள்.

கொத்தாக நாலைந்து குமிழிகள் வந்தன. அது எதிர்பார்த்ததுதான். பிறகு ஒன்று வந்தது. பிறகு ஒன்று. நிற்கும் என்று எல்லாரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒன்று. அவசரமே இல்லாமல், ஒழுகுகிற குழாய் சொட்டுகிற மாதிரி, வந்துகொண்டே இருந்தது.

டோரதி பையை விட்டாள். ஸ்டெதஸ்கோப்பை மறுபடி காதில் மாட்டினாள். ஒரு கையால் வலது மார்பில் துணிக்கடியில் வைத்து, மறு கையால் பையை அமுக்கினாள்.

மௌனம். நல்ல, சுத்தமான மௌனம். பதினோரு வருடமாக அவள் கேட்டுவந்த மௌனம்.

டம்ளரில் ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது.

"இன்னொரு தடவை," என்றாள். ரெமிஜியஸ் டம்ளரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். இன்னொரு தடவையும் அப்படித்தான். காதில் ஒன்றும் இல்லை. தண்ணீரில் குமிழி.

"அடைக்கலை சார். திருப்பும்போது மேல வந்திருக்கு."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

"காதுல தெரியலையா?"

"தெரியலை."

ராஜேந்திரன் கத்தியை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தார்.

டோரதி மேஜையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தச் சொன்னாள். பலூனைத் தளர்த்துகிற நேரத்தில் சீழ் இருந்தால் அது வாய்ப் பக்கம் ஓடட்டும், நல்ல நுரையீரல் பக்கம் போக வேண்டாம். முதலில் வலது குழலில் உறிஞ்சினாள். மஞ்சளாகக் கொஞ்சம் வந்தது. இடது குழலில் உறிஞ்சினாள். ஒன்றும் வரவில்லை. நீல பலூனின் காற்றை எடுத்தாள். குழாயை ஒரு சென்டிமீட்டர் தள்ளினாள். பலூனை ஊதினாள். உள்ளே எங்கே நிற்கிறது என்று தெரியாது. டம்ளரைத்தான் கேட்க வேண்டும்.

பையை அமுக்கிப் பிடித்தாள்.

கொத்தாக வந்தது. பிறகு ஒன்று. பிறகு இன்னொன்று பாதி உருவாகி, ரப்பர் குழாயின் வாயிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. ரெமிஜியஸ் டம்ளரை அசைக்காமல் பிடித்திருந்தார். குமிழி அங்கேயே இருந்தது. உடையவும் இல்லை, வளரவும் இல்லை.

"நின்னுடுச்சு," என்றாள் லட்சுமம்மா. அவளை யாரும் கேட்கவில்லை. யாரும் திட்டவும் இல்லை.

டோரதி இடது மார்பின் மேல்பக்கம் காற்று போகிறதா என்று கேட்டாள். போனது. அதிகமாகத் தள்ளிவிடவில்லை. அதுவும் காதால் கேட்டதுதான். அதற்குத் தண்ணீரில் சோதனை எதுவும் புத்தகத்தில் இல்லை. மேஜையை நேராக்கிவிட்டு மறுபடி ஒரு முறை டம்ளரைப் பார்த்தாள். குமிழி இல்லை.

"ஆரம்பிங்க சார்."

ராஜேந்திரன் வெட்டினார். விலா எலும்புகளுக்கு நடுவில் வழி செய்துகொண்டு உள்ளே போனார். வலது நுரையீரல் சுருங்கிக் கீழே கிடந்தது. கீழ்ப்பாதி நெஞ்சுச் சுவரோடு ஒட்டிப்போயிருந்ததால் பிரித்தெடுக்க நேரமானது. "இப்ப அமுக்குறேன் டோரதி," என்றார். அமுக்கினார்.

வலது குழலில் சீழ் வந்தது. ரெண்டு ஸ்பூன் இல்லை. தலைகீழாகத் தொங்கியும் இறங்காமல் எங்கேயோ ஒரு பையில் பூட்டிக் கிடந்தது இப்போது மொத்தமாகக் கிளம்பியது. பச்சையும் மஞ்சளுமாக. நாற்றம் முகமூடியைத் தாண்டி வந்தது. டோரதி உறிஞ்ச உறிஞ்ச வந்துகொண்டிருந்தது. சுவரில் மாட்டிய உறிஞ்சு பாட்டிலில் அது ஏறுவதை எல்லாரும் பார்த்தார்கள்.

பிறகு வேறு சுத்தமான குழாய் எடுத்து இடது குழலில் இறக்கி உறிஞ்சினாள். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. ஒன்றும் வரவில்லை. அன்று முழுவதும் இடதில் ஒன்றும் வரவில்லை.

லட்சுமம்மா மோர் டம்ளரைக் கழுவி அதன் இடத்தில் வைத்தாள். ராஜேந்திரன் அன்றைக்கு மோர் வேண்டாம் என்றார்.

புதன்கிழமை பாலகுமார் மைசூரிலிருந்து வந்தார். டோரதியே பெட்டியை எடுத்துக்கொண்டு போய், நான் சொல்லித்தான் கழுவினார்கள், நான் சொன்ன விதம் சரியில்லை என்றாள். அவர் ஸ்கோப்பைக் கண்ணில் வைத்து ஜன்னலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி பாலாகத்தான் தெரிந்திருக்கும். நுனியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "இன்னும் சந்தன வாசனை வருது," என்றார். பிறகு பீரோவில் வைத்துப் பூட்டினார். யார் திருடுவார்கள் என்று நினைத்தாரோ.

வியாழக்கிழமை மூன்றாம் நாள். உத்தமனுக்குக் காய்ச்சல் இல்லை. காலையில் எடுத்த எக்ஸ்ரேயை டோரதி வார்டு ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இடது பக்கம் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்போதும் கறுப்பாகவே இருந்தது.

உத்தமன் தலையணையில் சாய்ந்து, நெஞ்சிலிருந்து இரண்டு குழாய்கள் தொங்க உட்கார்ந்திருந்தான். சொர்ணம் வீட்டிலிருந்து அவன் விசிலைக் கொண்டுவந்திருந்தாள்.

"வலிக்குமே, ஊதாதய்யா."

"மேடம் முன்னாடி ஊதிக் காட்டணும்டி. வாக்குக் குடுத்திருக்காங்க."

ஊதினான். விசில் என்று சொல்லும்படி இல்லை. காற்று வந்தது, நடுவில் கொஞ்சம் சத்தமும் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர், பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற குரலில், "ஹோல்டான்," என்றார். உத்தமன் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், சிரித்ததற்காக முனகினான்.

சொர்ணம் டோரதியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சொன்ன மாதிரியே காப்பாத்திட்டீங்கம்மா."

டோரதி கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். அடுத்த மருந்து எத்தனை மணிக்கு என்று நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் சொன்னாள். அது அவள் காதில் விழவில்லை.

கீழே தியேட்டரின் பின்னறையில் ரெமிஜியஸ் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து திங்கட்கிழமைக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார். விலை அதிகம் என்பதால் கழுவி, மருந்தில் ஊறப்போட்டு, இன்னும் இரண்டு மூன்று பேருக்குப் போடுவார்கள். நீல பலூனை ஊதி, தண்ணீருக்குள் முக்கி, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். சைக்கிள் கடையில் டியூபைப் பார்ப்பதுபோல. ஒவ்வொரு தடவையும் கழுவிய பிறகு அப்படித்தான் பார்ப்பார்.

டோரதி வாசலில் நின்றாள்.

"எக்ஸ்ரே எப்படி டாக்டர்?"

"சுத்தமா இருக்கு."

"சந்தோஷம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்." பலூனைத் திருப்பித் திருப்பி முக்கினார். தண்ணீர் அசைந்து அடங்கியது. "மோர் டம்ளரை நான் தனியா எடுத்து வெச்சுட்டேன். சாருக்கு வேற வாங்கிக்கலாம்."

"சரி."

"இனிமே எல்லாக் கேஸுக்கும் வெப்போம்ல?"

"வெப்போம்."

அவர் பலூனைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துணியால் ஒற்றினார். அதிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"டாக்டர், ஆகஸ்டுக்கு முன்னாடி நாம காதால மட்டும் பாத்துப் போட்டோமே, அத்தனை பேர்... அவங்கள்ல எத்தனை பேருக்குக் குமிழி வந்திருக்கும்?"